கிளிப் அக்கா

பிஸ்கட் டப்பாவுக்குள் போன இரண்டு கைகளையும் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறார் கிளிப் அக்கா. ஒரு கை என்னுடையது. இன்னொன்று எங்கள் குழுத் தலைவருடையது. டப்பாவின் அடியில் ஒரே ஒரு பிஸ்கட் கிடக்கிறது.

"எழுத்தாளரே, நீங்க எட்டிப் பாத்தீங்க, ஒண்ணு இருந்துச்சு. தம்பி எட்டிப் பாத்தான், அவனுக்கும் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேர் பாத்ததும் நிஜம்தான். ஆனா பிஸ்கட் ஒண்ணு. பாக்கறதும் எடுக்கறதும் ஒரே மூச்சுல நடக்கணும். நடுவுல மூச்சு விட்டீங்கன்னா அடுத்தவன் கை உள்ள வந்துடும்."

நாங்கள் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைசி பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். பதினோரு பேர் வேலை செய்கிற இந்த அலுவலகத்தில் இப்படி பிஸ்கட் இழக்காதவர் யாரும் கிடையாது.

அக்கா எப்போதும் காலர் வைத்த முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கிளிப் மாட்ட எடம் வேணாமா?" என்றார். துணி காயப்போடுகிற சாதாரண பிளாஸ்டிக் கிளிப். ஆரஞ்சு நிறம், ஒரு காது லேசாக உடைந்தது. அது அவர் காலரில் இருக்கும். இல்லையென்றால் யாராவது ஒருவருடைய காலரில் இருக்கும். அலுவலகச் சுவரில் வேலைகள் எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. கிளிப் மாட்டியிருப்பவர்தான் அதில் எழுதலாம், அழிக்கலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் கிளிப்புக்காகக் கை நீட்டுவார்கள். அக்கா என்னைவிட ஒன்பது வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், என்ன செய்வது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களைக் காலையில் வீட்டு வாசலில் வேனில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள் இல்லையா, யார் எந்த வேனில் என்று பட்டியல் வைத்துக்கொள்கிற புரோகிராமை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. அவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். அதை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துவது என்று நான் கையேடு எழுதுவேன். கஷ்டமான வேலை என்னுடையதுதான் என்பது என் கட்சி.

ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல கைகள் வேலை செய்யும். திரெட் என்பார்கள். மையத்தில் போன் எடுக்கிற பெண் ஒரு பெயரைச் சேர்க்கும் அதே நொடியில் இன்னொரு கை வேறொரு பெயரை அடிக்கும், மூன்றாவது கை ஓட்டுநருக்குப் பிரதி எடுக்கும். எல்லாக் கையும் தொடுவது ஒரே பட்டியலை. கொஞ்சம் பிசகினால் ஒரு பெயர் சத்தமில்லாமல் காணாமல் போகும். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. என்னவென்று நாம் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும், பல் டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோகிற மாதிரி. இந்தக் கைகளுக்கு வரிசை கற்றுக்கொடுப்பதுதான் அக்காவின் தொழில்.

தொழிலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். அக்கா மூட்டை கட்டிக் கொண்டுபோயிருக்கிறார். குளியலறைக்கு ஒரு பச்சைக் கிளிப், இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு நீலக் கிளிப். ஒரு நாள் காலையில் அவர் கணவர் பச்சையை எடுத்துக்கொண்டு, சட்டையைத் தேய்த்துவிட்டுக் குளிக்கலாம் என்று நீலத்துக்காகக் காத்திருந்தார். மகள் நீலத்தை எடுத்துக்கொண்டு, குளித்துவிட்டுத் தேய்க்கலாம் என்று பச்சைக்காகக் காத்திருந்தாள். அப்பா முதலில் கொடுக்கட்டும் என்று அவள், அவள் முதலில் கொடுக்கட்டும் என்று அவர். இரண்டு பேருக்கும் பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து சட்டம் மாறியது. யாராக இருந்தாலும் முதலில் பச்சை, அதன்பிறகுதான் நீலம். "ரெண்டு பூட்டு வேணும்னா எல்லாரும் ஒரே வரிசையில எடுக்கணும் எழுத்தாளரே. இல்லன்னா கடைசி வரைக்கும் நின்னுட்டே இருக்க வேண்டியதுதான்." அவர் கணவர் நில அளவையாளர், பொறுமைசாலி. ஒரு நாள் மாடிப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்போ இதெல்லாம் சொல்லல சார்."

இவ்வளவு சொல்லிவிட்டேன், மிக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அக்காவைச் சொல்லி முடிக்க முடியாது.

அவர் மிக்ஸி, மின்விசிறி, கிரைண்டர் பழுதுபார்ப்பவர். ஐம்பத்தைந்து வயது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில், ஜன்னலோரம் மேஜை போட்டு வேலை செய்கிறார். தனிக்கட்டை. திங்களும் வியாழனும் அவருக்கு டயாலிசிஸ். ஆறு பத்துக்கு வேன் வர வேண்டும். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமையும் வரவில்லை. இரண்டாவது தடவை அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பக்கத்து அறைக்காரர் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். இன்னொரு தடவை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தப் புகார்கள் எங்களுக்கு இரண்டு வரியாகத்தான் வரும். அக்கா இரண்டு வரியை நம்ப மாட்டார். போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"ஒரு மிக்ஸிய கையில எடுத்தா ஓடுமா ஓடாதான்னு நான் சொல்லிடுவேம்மா. உங்க வேன் வருமா வராதான்னு மட்டும் எனக்குப் புடிபடல. நாலாம் நம்பர் வண்டிக்கு மாத்தியிருக்கோம்னு மெசேஜ் வந்துச்சு. வண்டி மாறுதேன்னு கீழ எறங்கி நின்னேன். நாலாம் நம்பர் வண்டியும் வந்துச்சு. என் மூஞ்சிக்கு முன்னாடியே நிக்காம போச்சு. கை காட்டினேன், டிரைவர் தம்பியும் கை காட்டிட்டுப் போறான்."

அப்புறம் சாதாரணமாக, வானிலை சொல்கிற மாதிரி சொன்னார்: "தங்கச்சி வெளியூர்ல இருக்கா. அவ வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி. சாமானையெல்லாம் குடுத்துட்டு அங்கயே போயிடலாம்னு பாக்கறேன். அங்க போய் என்ன பண்றது, அவ வீட்டு மிக்ஸி ஒண்ணுதான் இருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்."

அக்கா ஒரு துண்டுச் சீட்டில் 'மிக்ஸிக்காரர்' என்று எழுதித் தன் போன் உறைக்குள் செருகிக்கொண்டார். அன்று பிஸ்கட் டப்பா திறக்கப்படவில்லை.

குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சு. எதைக் கேட்டாலும் "ஆச்சு" என்பார். முப்பது வயது, நல்ல மூளை, காலில் சக்கரம். முதல் தடவை வேன் வராதபோதே அவர் ஒரு திருத்தம் செய்திருந்தார். பழைய பட்டியல்களைத் தூக்கிவிட்டு, பல கைகள் ஒரே சமயத்தில் தொட்டாலும் கெடாத வகைப் பட்டியல்களாக மாற்றினார். அப்படிப்பட்டவை ஆயத்தமாகவே கிடைக்கின்றன. உள்ளேயே பூட்டு வைத்துச் செய்தவை. "சேஃப்னு பேர்லயே இருக்குக்கா. ஆச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது." அதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

"பட்டியல் கெடலடா தம்பி," என்றார் அக்கா. "பட்டியல் நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் காணோம். வா, மனுஷன வச்சு ஓட்டிப் பாப்போம்."

இது அவருடைய இன்னொரு பழக்கம். புரோகிராமில் இருக்கிற கைகளுக்குப் பதில் எங்கள் கைகளை வைத்து விளையாட்டுக் காட்டுவார். என் சாப்பாட்டு டப்பாவின் மூடி மூன்றாம் வண்டி, ஆச்சுவின் டப்பா மூடி நான்காம் வண்டி. அந்தத் துண்டுச் சீட்டு மூன்றாம் மூடியில். மிக்ஸிக்காரருடைய தெரு இரண்டு வண்டிகளின் வழியும் சந்திக்கிற இடம். மூன்றாம் வண்டியில் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் இருக்கிறார். வருகிறேன் என்று கடைசி நிமிடத்தில்தான் சொல்வார். அவர் வந்தால் இடம் போதாது, மிக்ஸிக்காரர் நான்குக்கு மாற்றப்படுவார். சரியாகக் காலை ஐந்தரைக்கு எல்லா வண்டிக்கும் பிரதி எடுத்து ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்பி, அன்றைய பட்டியல் மூடப்படும். நான் சீட்டை மாற்றுகிற கை. ஆச்சு பிரதி எடுக்கிற கை. அக்கா மேஜையைத் தட்டினால் ஐந்தரை மணி.

தட்டினார். ஆச்சு இரண்டு மூடியையும் பார்த்து எழுதினார். சீட்டு நான்கில் இருந்தது. மறுபடி தட்டினார், மூன்றில் இருந்தது. பத்துத் தடவை ஆடினோம், ஒரு தடவைகூடத் தொலையவில்லை. எனக்குக் கை வலித்தது, பசியும் வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடியில்லாமல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வேன் ஓட்டுவது?

அக்கா திரையில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"எழுத்தாளரே, ஒண்ண விட்டுட்டோம். மூணுலேர்ந்து எடுத்ததும் அந்த ஆளுக்கு மெசேஜ் போகுது. அது போய்ச் சேர்ந்துச்சுன்னு பதில் வந்தப்புறம்தான் நாலுல வைக்குது. நீங்க சீட்ட எடுத்துட்டு, நிஜமாவே எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க."

சீட்டை இடது கையில் எடுத்தேன். வலது கையில் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, தட்ட ஆரம்பித்தேன். அக்கா மேஜையைத் தட்டினார். ஆச்சு மூன்றாம் மூடியைப் பார்த்தார், இல்லை. நான்காம் மூடியைப் பார்த்தார், இல்லை.

"எங்க சார் ஆளு?"

"என் கையில இருக்காரு."

"உங்க கை எந்த வண்டி?" என்று கேட்டார் அக்கா.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், இருபது வருடம் கையேடு எழுதியவன், அன்றுதான் அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று என் கைக்குப் புரிந்தது. இரண்டு பட்டியலும் சேஃப். இரண்டுக்கும் உள்ளே பூட்டு இருக்கிறது. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிற இரண்டு விநாடிக்கு மட்டும் ஒரு மனிதர் திரிசங்கு மாதிரி நடுவில் தொங்குகிறார், அந்த நேரம் பார்த்து மணி ஐந்தரை அடிக்கிறது. பிறகு அவர் பெயர் நான்காம் பட்டியலில் ஒழுங்காக உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் யார் எப்போது பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. பிரதி மட்டும் அதற்கு முன்பே போய்விட்டது.

ஆச்சு அந்த வரியை யார் எழுதியது என்று பார்த்தார். எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்பதைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். நான்கு வருடம் முன்பு, கிளிப் அக்கா.

ஆச்சுவை அவசரக்காரர் என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்று அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் தெரிய வேணாம்க்கா. மாத்திட்டுப் போயிடலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

அக்கா மன்னிப்புக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, வேன் புரோகிராம் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க பேரு தொலைஞ்சதுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு. நான் எழுதின ஒரு வரிதான். என் தப்பு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"என்னாத்துக்கு எழுதினே அத?"

"வண்டி மாறினது தெரியாம நீங்க முழிக்கக் கூடாதுன்னு. சீக்கிரமா சொல்லிடலாம்னு நெனச்சு, ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்ல வச்சுட்டேன்."

"நல்லதுக்குத்தான் எழுதியிருக்கே," என்றார் மிக்ஸிக்காரர். "மிக்ஸில கூட சூடானா நிக்கட்டும்னு ஒரு சமாச்சாரம் வச்சிருப்பான். சில சமயம் அதுவே கெட்டு மிக்ஸி ஓடாது. அதுக்காக அதப் புடுங்கி எறிய மாட்டேன். சரி பண்ணி வைப்பேன். நீயும் வையி. வியாழக்கெழம பாக்கறேன்."

போனை வைத்த பிறகு அக்கா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே கிளிப், அதாவது ஒரே பூட்டு. இடம் மாற்றுகிற கையும் அதை எடுக்க வேண்டும், பிரதி எடுக்கிற கையும் அதையேதான் எடுக்க வேண்டும். மூன்றிலிருந்து எடுப்பதும் நான்கில் வைப்பதும் ஒரே மூச்சு. மெசேஜ் அனுப்புவது கிளிப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு.

"எல்லாரும் ஒரே கிளிப்புக்கு நின்னா மெதுவாயிடாதாக்கா?" என்று ஆச்சு கேட்டார்.

"கிளிப்ப எடுத்தவன் வேலைய முடிச்சுட்டு உடனே குடுத்துடணும்டா. அத மாட்டிக்கிட்டு வெளிய இருக்கறவங்ககிட்ட பேசிட்டு நின்னாத்தான் மெதுவாகும். நான் பண்ணினது அதுதான்."

பழைய வரிகளை வைத்து, மாற்றுவதையும் பிரதி எடுப்பதையும் லட்சம் தடவை மோதவிட்டார்கள். நாற்பத்தொரு தடவை மிக்ஸிக்காரர் தொலைந்தார். புதிய வரிகளை வைத்து மறுபடி லட்சம் தடவை. ஒரு தடவைகூடத் தொலையவில்லை. ஆச்சு "ஆச்சு" என்று சொல்ல வாயெடுத்து, அக்காவைப் பார்த்து, "வியாழக்கிழமை சொல்றேன்" என்று மூடிக்கொண்டார்.

என் வீட்டில் காலை ஐந்தரைக்கே யார் பால் வாங்குவது என்ற வழக்கு தொடங்கிவிடும். அதனால் நான் ஆறு மணிக்கெல்லாம் அலுவலகம் வந்துவிடுவேன். அந்த வியாழக்கிழமை எனக்கு முன்பே அக்கா வந்திருந்தார். கீழே டயர் கடை திறக்கவில்லை. ஆறு பத்துக்கு அவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, வண்டி?"

"அதுக்குள்ள ஒக்காந்துதாம்மா பேசறேன். நாலாம் நம்பர். மெசேஜும் வந்துச்சு, வண்டியும் நின்னுச்சு."

அக்கா சரி என்று வைத்துவிட்டார். நாற்காலியில் அப்படியே சாய்ந்து, "எழுத்தாளரே, டீ வாங்கித் தாங்க" என்றார். பதினாறு வருடப் பழக்கத்தில் என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் டீ அது. இரண்டாக வாங்கி வந்தேன்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. திங்கள், வியாழன், திங்கள், வியாழன். ஆறு பத்து ஆனால் போன். மாதக் கடைசி வந்து போயிற்று, மிக்ஸிக்காரர் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. "இருக்கறத விட்டுட்டு எங்க போறது, நாலு கிரைண்டர் வந்து கெடக்கு" என்றார். அப்போதும் போன் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் கிளிப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊருக்குத்தான் உபதேசம், தனக்கு இல்லை என்று நான் சீண்டிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன திங்கட்கிழமை மிக்ஸிக்காரரே சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"கோச்சுக்காதம்மா. வேன் வந்து ஆரன் அடிச்சா நான் எறங்கிப் போவேன். அதுவரைக்கும் மேல ஒக்காந்து வேலை பாத்துட்டு இருக்கேன். இப்ப உன் போன் வந்தாத்தான் எனக்குப் பக்குங்குது, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. பைய எடுத்துட்டு மூணு மாடி எறங்கி வந்து ரோட்ல நிக்கிறேன். நீ பண்ணாத. வரலன்னா நானே பண்றேன்."

நேற்று வியாழக்கிழமை. நான் வந்தபோது அக்கா மேஜை முன் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஏழு. ஆறு எட்டு. துண்டுச் சீட்டு இன்னும் போன் உறைக்குள்தான் இருக்கிறது. ஆறு பத்துக்கு அவர் வலது கை மெல்ல நகர்ந்து போன் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. அக்கா காலரிலிருந்து ஆரஞ்சு கிளிப்பைக் கழற்றினார். போனில் எண்ணைத் தட்டுகிற ஆட்காட்டி விரலில் அதை மாட்டிக்கொண்டு, விரல் நுனி வெளுக்க வெளுக்க, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.